ஒன்றுமே முளைக்காத கைகள்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் படிக்கக் கொடுக்க ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். "உங்க அனுபவத்தைப் பிழிஞ்சு நாலு பக்கம் கொடுங்க மேடம்" என்றார் போனில் பேசியவர். என்னைப் பிழிந்தால் வம்புதான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. ரிட்டயர் ஆகி பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து என்னைத் தட்டிக் கேட்க மேலதிகாரியும் கிடையாது. ஆகவே எதற்கும் தயாராகப் படியுங்கள்.

நீங்கள் இப்போது ஓட்டும் மெஷின்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கிருமியின் பெயரை அதுவே படித்துச் சொல்லிவிடுகிறதாம். ரொம்ப சந்தோஷம். நான் சொல்லப்போவது தோலைப் பற்றி, அதன்மேல் குடியிருக்கும் கிருமிகளைப் பற்றி, அந்தக் கிருமிகளின் பெயரைக் கேட்டதும் அலறுகிற மனிதர்களைப் பற்றி. இந்த மூன்றில் எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தது மனிதர்கள்தான்.

நம் ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டரிடம் போவதென்றால் குளித்து, துவைத்த துணி உடுத்தி, பவுடர் போட்டுக்கொண்டுதான் கிளம்புவார்கள். எக்ஸிமா, அதாவது கரப்பான், வந்த குழந்தையை மருந்து சோப்பால் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து, "கிருமி இருக்கான்னு பாருங்க" என்பார்கள். இருந்ததையெல்லாம் பாத்ரூம் சாக்கடையில் விட்டுவிட்டு வந்து என்னிடம் கேட்டால் நான் எங்கே போவேன்? "குளிப்பாட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னதற்காக என்னோடு சண்டைக்கு வந்த அம்மாக்கள் நிறைய. இந்தப் பழக்கம் ஒரு கேன்டீனுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய ஐடி கம்பெனி. அதன் கேன்டீனை ஒரு கான்ட்ராக்டர் நடத்திவந்தார். அங்கே சமைக்கிறவர்கள், பரிமாறுகிறவர்கள் எல்லோருடைய கையையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுத்து, அதை ஜெல்லி ஊற்றிய பிளேட்டில் தடவி, சாப்பாட்டைக் கெடுக்கும் கிருமி ஏதாவது முளைக்கிறதா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அந்தத் தடவை எங்கள் டெக்னீஷியன் போய் எல்லோருடைய கையிலும் ஸ்வாப் எடுத்துவந்தார். மறுநாள், பிளேட்டுகளை இளஞ்சூட்டில் வைக்கும் இன்குபேட்டரைத் திறந்து பார்த்தால், எந்தப் பிளேட்டிலும் எதுவும் முளைக்கவில்லை. கழுவித் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

லேபில் ஒரே கொண்டாட்டம். எல்லோரும் பாஸ், ரிப்போர்ட் அடிப்பதும் சுலபம். டெக்னீஷியன் கேன்டீனுக்குப் போன் போட்டு எல்லோரும் பாஸ் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பவே தயாராகிவிட்டார். நான் மட்டும் பிளேட்டுகளை மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உயிருள்ள மனுஷன் கையில் ஒன்றுமே முளைக்காமல் இருக்காது. உயிரில்லாத மனுஷன் கையிலும் முளைக்கும், அங்கே இன்னும் ஜோராக முளைக்கும். நம் தோலில் சாதுவான கிருமிகள் பிறந்த நாள் முதல் குடியிருக்கின்றன. கையை எவ்வளவு கழுவினாலும் சில மிஞ்சும். ஒரு கேன்டீன் முழுக்க ஒருத்தர் கையிலும் ஒன்றும் இல்லை என்றால், யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள்.

"ஒன்றும் முளைக்கவில்லை என்றால் ஒன்றும் முளைக்கவில்லை என்று எழுதிக் கொடுங்களேன்" என்றார் எங்கள் லேப் தலைவர். அவர் சொன்னது நியாயம்தான். எழுதிக் கொடுத்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரிப்போர்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு மறுநாள் காலை மெட்ரோவைப் பிடித்து வைட்ஃபீல்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலில் லேப் அட்டையைக் காட்டினேன், கேன்டீன் சோதனைக்கு என்றேன், விட்டார்கள். உள்ளே போனதும் தோசை கவுண்டர் வரிசையில் நின்றேன். வெறும் வயிற்றில் உளவு வேலை பார்க்கக் கூடாது என்பது என் கொள்கை.

கல்லின் முன்னால் நின்றவர் பெயர் அம்சவேணி. எல்லோருக்கும் அம்சா. நாற்பதைத் தாண்டியவர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் குடியிருப்பவர். அந்தக் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கச் சேர்ந்து, காய் நறுக்கி, மாவு அரைத்து, கடைசியில் கல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கல்லுக்கு வந்தபின் அவர் யாருக்கும் பணிந்ததாகத் தெரியவில்லை. மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசையை முறிக்கப் பார்த்த ஒரு பையனை, "தம்பி, கம்ப்யூட்டர்ல லைன் எழுதறவன் நீ, உனக்கே லைன்ல நிக்கத் தெரியாதா?" என்று அவர் கேட்டபோது மொத்தக் கேன்டீனும் திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு குரல்.

கையில் கிளவுஸ் போட்டிருந்தார். ஆனால் ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில், தோசைத் திருப்பியின் பிடியால் மணிக்கட்டைச் சுரண்டிக்கொண்டார். கிளவுஸ் முடிகிற இடத்துக்கு மேலே தோல் சிவந்து, தடித்து, சில இடங்களில் நீர் கோத்திருந்தது. சுரண்டி முடிந்ததும் அதே திருப்பி அடுத்த தோசைக்குப் போனது. அது என்னுடைய தோசை.

சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். கொதிக்கிற கல்லுக்கு முன்னால் கிருமி தாக்குப்பிடிக்காது என்று படித்திருக்கிறேனே, அந்தப் படிப்பு வேறு எதற்கு? தோசையும் அருமையாக இருந்தது. சட்னியை மட்டும் தொடவில்லை.

அப்புறம் சமையல்கட்டின் பின்பக்கம் போனேன். அங்கே மூடி போட்ட ஒரு நீலப் பக்கெட் இருந்தது. மூடியைத் தூக்கியதும் மூக்கு எரிந்து கண்ணில் தண்ணீர் வந்தது. ப்ளீச்சிங் தண்ணீர், அதுவும் தரையைக் கழுவுகிற வீரியத்தில். நான் இருமுவதைக் கேட்டு ஓடிவந்தவர் கேன்டீன் சூப்பர்வைசர் லோகேஷ். கோலார்க்காரர், கன்னடமும் தமிழும் கலந்து ஒரே மூச்சில் பேசுவார், 'வேண்டாம்' அவர் வாயில் 'பேடா'தான். என்னைப் பார்த்ததும் மிரண்டார், பிறகு சமாளித்துக்கொண்டு பெருமையாகவே சொல்ல ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்க பேடா மேடம். இந்தத் தடவையிலேந்து நீங்க ஸ்வாப் எடுக்க வர்ற நாள்ல எல்லாரும் முழங்கை வரைக்கும் இதுல முக்கிட்டுத்தான் வருவாங்க. நம்ம ஆளுங்க இதுக்குத் தீர்த்தம்னு பேர் வெச்சிருக்காங்க. உங்களுக்கும் ஈஸி, எங்களுக்கும் ஈஸி."

"தோசை போடற அம்மா?"

"அவங்களுக்கு தினா. டெய்லி! கையில அரிப்பு இருக்குல்ல? இன்டர்நெட்ல நோடிதே, பார்த்தேன் மேடம், டாக்டர்ஸே சொல்றாங்க, கரப்பானுக்கு ப்ளீச் பாத் ஒள்ளேது, நல்லதுன்னு."

இதில் என்ன கொடுமை என்றால், அவர் முழுப் பொய் சொல்லவில்லை. சில எக்ஸிமா நோயாளிகளுக்குத் தோல் டாக்டர்களே அளந்து, மிக மிக மெல்லிசாகக் கலந்து அப்படிக் குளிக்கச் சொல்வதுண்டு. அளவு முக்கியம் என்ற வரியை மட்டும் லோகேஷ் படிக்காமல் தாண்டியிருக்கிறார். பாதி உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவரிடம் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். முழுப் பொய்க்காரரை ஒரே பேச்சில் மடக்கிவிடலாம், இவரை மடக்க நேரமாகும்.

அம்சாவைக் கூப்பிட்டுக் கிளவுஸைக் கழற்றச் சொன்னேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. புறங்கையில் கசிந்துகொண்டிருந்தது. பார்க்கவே எனக்கு மனசு ஆறவில்லை.

"சின்ன வயசுலேந்து கரப்பான் இருக்குது மேடம், ஆனா இவ்ளோ இல்ல. இங்க வந்துதான் ஜாஸ்தி ஆச்சு" என்றார். "அழுக்குதான் காரணம்னு சார் சொல்றாரு. அதான் நானும் தேச்சுத் தேச்சுக் கழுவுறேன். கழுவக் கழுவ இன்னும் அரிக்குது. அரிக்க அரிக்க இன்னும் கழுவுறேன்."

டெக்னீஷியனுக்குத் தெரியாமல் பையில் கொஞ்சம் ஸ்வாப் குச்சி எடுத்து வந்திருந்தேன். அன்றைக்கு இன்னும் யாரும் பக்கெட் பக்கம் போகவில்லை. எந்தக் கிருமி என்று பார்க்கணும் என்று சொல்லி, அம்சாவின் மணிக்கட்டிலும் விரல் இடுக்கிலும் எடுத்துக்கொண்டேன். லோகேஷ் பக்கத்தில் நின்று, சொல்லாமல் வந்த என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் இருக்கும் சாத்தான் அப்போதுதான் கண் விழித்தது.

"ஊற்று எங்கேன்னு தெரியணும் லோகேஷ். கிருமி சில சமயம் பக்கத்துல இருக்கிறவங்க மூக்குலேந்து வரும். உங்க மூக்குல எடுக்கலாமா?"

"என் மூக்குலயா? எடுங்க மேடம். நான் டெய்லி ஆவி பிடிக்கிறவன்!" என்று மூக்கை நிமிர்த்திக் காட்டினார். அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்க அவர் கண்ணெதிரிலேயே என் மூக்கிலும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன்னால், கை ஆறும்வரை அம்சா சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது, பக்கெட்டிலும் வைக்கக் கூடாது என்று சொன்னேன். முதல் பாதியை லோகேஷ் உடனே நிறைவேற்றிவிட்டார். அன்று மதியமே அம்சாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் பிளேட்டுகளைத் திறந்தேன். அம்சாவின் பிளேட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், வேறு எதுவும் கலக்காமல், அழகான தங்க நிறத்தில் முளைத்திருந்தது. லேபில் இதை நாம் ஆரியஸ் என்று செல்லமாகக் கூப்பிடுகிறோம், செல்லம் கொடுக்கிற மாதிரியான ஆள் இல்லை என்றாலும். எக்ஸிமா தோலில் தன்னாலேயே விரிசல் இருக்கும். அதில் சாதுவான கிருமிகள் குறைந்தால் இது உள்ளே நுழைந்து பெருகும். இது பெருகினால் அரிப்பு கூடும், சொறிந்தால் விரிசல் கூடும், விரிசல் கூடினால் இது இன்னும் பெருகும். நடுவில் லோகேஷின் தீர்த்தம் வேறு. கசிகிற கையிலிருந்து இது சட்னியில் விழுந்து, சட்னி வெயிலில் கொஞ்சம் நேரம் இருந்தால், இது விடுகிற விஷத்தால் ஒரு ஆபீஸே வாந்தியெடுக்கும். அந்த விஷம் சூடு பண்ணினாலும் போகாது. பயந்தால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. வைட்ஃபீல்டில் கேட்ட அதே குரல்.

"எங்க அந்தம்மா? கண்ணாடி போட்ட அம்மா! உங்க டெஸ்ட்ல நான் பாஸுன்னு சொன்னாங்களே, அப்புறம் இன்னாத்துக்குத் திருட்டுத்தனமா வந்தீங்க? லைன்ல நின்னு என் தோசைய வாங்கித் துன்னுட்டு, என் பொழப்புலயே மண்ண அள்ளிப் போட்டுட்டுப் போயிட்டியேம்மா! நல்லாருப்பியா நீ?"

ரத்தம் கொடுக்க வந்தவர்கள், சாம்பிள் டப்பாவோடு நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோசையைத் தின்றது உண்மைதான். அம்சாவை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிட்டது, அழ ஆரம்பித்தார்.

"வேலை போனாக்கூட வேற எடம் பார்த்துக்குவேன் மேடம். அழுக்குக் கையின்னு எல்லாரு எதிர்லயும் சொல்லி அனுப்பிட்டாரு. இந்தப் பேரோட எந்தக் கிச்சன்ல என்ன சேர்ப்பாங்க? திரும்பியும் பாத்திரந்தான் தேய்க்கணும். அதுவும் இந்தக் கைய வெச்சுகினு."

அவர் அழுதுகொண்டிருக்கும்போதே லோகேஷும் வந்து சேர்ந்தார். கூடவே கம்பெனியின் ஃபெசிலிட்டி மேனேஜர் ரம்யா. வெளிநாட்டிலிருந்து பெரிய ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்களாம், கேன்டீனையும் பார்ப்பார்களாம். அதற்குள் அம்சா விஷயத்தை முடித்துவிட வேண்டும். ரம்யா நல்லவர்தான், ஆனால் அவசரத்தில் இருந்தார்.

"மேடம், எங்களுக்கு ஒரே ஒரு வரி போதும். ஃபிட்டா, அன்ஃபிட்டா? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள."

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். ஃபிட் என்று எழுதினால் கசிகிற கை மறுநாள் சட்னியில் இருக்கும். அன்ஃபிட் என்று எழுதினால் அம்சா தெருவில் இருப்பார், பக்கெட் அதே இடத்தில் இருக்கும். இரண்டுமே தப்பான பதில். அவசரத்தில் வருகிறவர்கள் கேள்வியைச் சின்னதாக மடித்துக்கொண்டு வருவார்கள். பதிலையும் அந்த அளவுக்கு மடித்துத் தர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ரம்யாவை உட்காரச் சொல்லி டீ வரவழைத்துவிட்டு, லோகேஷை மட்டும் இன்குபேட்டர் அறைக்குக் கூட்டிப் போனேன்.

மூன்று பிளேட்டை வரிசையாக வைத்தேன். மூன்றிலும் தங்க நிறம்.

"இது அம்சா கை."

"பார்த்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல!"

"இது உங்க மூக்கு."

லோகேஷ் கை தானாக மூக்குக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இது?" என்று மூன்றாவதைக் காட்டினார்.

"என் மூக்கு. இத்தனை வருஷமா ஊர்க் கிருமியெல்லாம் பிடிச்சவ, வீட்டுலயே ஒண்ணை வளர்த்திருக்கேன் பாருங்க."

உண்மையில் எனக்கும் அது அதிர்ச்சிதான். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. நிறையப் பேர் மூக்கில் இது சும்மா குடியிருக்கும், ஒரு தொந்தரவும் தராது. தோல் முழுசாக இருந்து, கையைக் கழுவி, முகத்தில் மாஸ்க் போட்டால் அவர்கள் தாராளமாகச் சமைக்கலாம். இதை லோகேஷிடம் சொன்னேன், ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சொன்னேன். முதலில் கேட்டது இதுதான்: "கிருமி இருந்தா வேலைய விட்டு அனுப்பணும்னா, யாரை முதல்ல அனுப்பறது?"

"ரம்யா மேடம்கிட்ட சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றார் லோகேஷ்.

"உங்க மூக்கு உங்க சொந்த விஷயம். நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றேன். சொல்லவும் இல்லை. ஒருவருடைய ரிசல்ட்டை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பதில் நான் கறார். சொல்லமாட்டேன் என்பதை எந்த முகத்தோடு சொன்னேன் என்பது வேறு விஷயம்.

திரும்பி வந்தபோது லோகேஷ் அம்சாவின் வக்கீலாகிவிட்டிருந்தார். ரம்யாவிடம் நான் சொன்னேன், இந்தக் கை இப்போது சாப்பாட்டைத் தொடக் கூடாது, அதில் பேச்சே இல்லை. ஆனால் இது அழுக்கால் வந்ததில்லை, அதிகமாகக் கழுவியதால் முற்றியது, கேன்டீன் பக்கெட்டால் முற்றியது. தோல் டாக்டர் பார்க்கட்டும். கை ஆறினதும் திரும்பச் சோதித்து நான் எழுதித் தருகிறேன். அதுவரை தண்ணீரும் சாப்பாடும் படாத ஒரு வேலை அவருக்குக் கொடுங்கள். போன தடவை எடுத்த ஸ்வாப் எதுவும் செல்லாது, எல்லோருக்கும் மறுபடி எடுப்போம், பக்கெட் இல்லாமல்.

"அப்படி ஒரு வேலையே எங்ககிட்ட இல்லையே மேடம்" என்றார் ரம்யா.

"டோக்கன் நம்பர் கூப்பிடறது யாரு?"

"டிஸ்ப்ளே போர்டு இருக்கு. யாரும் அதைப் பார்க்கறதில்லை, எல்லாரும் போனையே பார்த்துட்டு நிக்கறாங்க."

லோகேஷும் ரம்யாவும் ஒரே சமயத்தில் அம்சாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தோல் டாக்டர் களிம்பும், கைக்குப் பூச மாய்ஸ்சரைசரும் எழுதிக் கொடுத்து, சோப்பையும் ப்ளீச்சையும் நிறுத்தச் சொன்னார். அம்சாவுக்கு அதைத்தான் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "கழுவாத கையோட மனுஷன் எப்டி இருக்கறது?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார். தண்ணீரில் கழுவலாம், தேய்க்கத்தான் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் இரண்டு பிளேட்டை எடுத்துக் காட்டினேன். ஒன்று அவருடையது, முழுக்கத் தங்கம். இன்னொன்று என் முழங்கையிலிருந்து எடுத்தது, அதில் சின்னச் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள்.

"இந்த வெள்ளைதான் நம்ம தோல்ல குடியிருக்கிறவங்க. இவங்க இருக்கிற வரைக்கும் அந்தத் தங்கத்தால சுலபமா உள்ள வர முடியாது. சிலது அதை விரட்ட மருந்தே சுரக்கும். நீங்க ப்ளீச் ஊத்தி இவங்களைத்தான் காலி பண்ணிட்டீங்க."

அம்சா பிளேட்டை உற்றுப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"புரிஞ்சுபோச்சு மேடம். எங்க பொம்மனஹள்ளில காலி சைட்டு ஒண்ணு இருந்தா ராவோட ராவா எவனாச்சும் வந்து ஷெட் போட்டு ஒரு போர்டும் மாட்டிடறான் பாருங்க. அந்த மாதிரி. ஆளுங்க குடியிருந்தா கிட்ட வருவானா?"

அதற்கப்புறம் நான் வகுப்பு எடுக்கும்போதெல்லாம் இதைத்தான் சொன்னேன். பாடப்புத்தகம் அரை அத்தியாயத்தில் சொல்வது இவ்வளவுதான்.

அம்சா டோக்கன் கூப்பிட்ட வாரங்களைப் பற்றி வைட்ஃபீல்டில் இன்னும் பேசுகிறார்களாம். வெளிநாட்டு ஆட்கள் வந்த அன்று அவர்களுக்குக் கேன்டீனில் பிடித்ததே அவருடைய குரல்தான் என்று ரம்யா போனில் சொன்னார். கல்லுக்கு உடனே வேறு ஆள் கிடைக்காததால் லோகேஷே மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு தோசை ஊற்றினார். நான் இன்னொரு நாள் போனபோது என் காதாலேயே கேட்டேன். "நாப்பத்திரண்டு! நாப்பத்திரண்டு யாருப்பா? உன் தோசை ஒரு பக்கம் கருகிகீது, கோச்சுக்காத, நான் ஊத்தல!" லோகேஷ் மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மாஸ்க்கை ஒரு நிமிஷம்கூட இறக்கவில்லை, அதற்காக அவரை மெச்ச வேண்டும்.

கை ஆறியது. வெடிப்புகள் மூடின, கசிவு நின்றது, கொஞ்சம் கருமை மட்டும் மிச்சம். கரப்பான் இதோடு ஒரேயடியாகப் போய்விடாது, திரும்ப வரலாம், வந்தால் உடனே களிம்பைப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மறுசோதனைக்கு நாள் குறித்தோம். அதற்கு முந்தின நாள் லோகேஷ் என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், அம்சாம்மா நல்லபடியா பாஸ் ஆகணும். ஒரே ஒரு தடவை, லைட்டா, அந்தத் தீர்த்தத்துல..."

"லோகேஷ், ப்ளீச் வாசனை வந்துச்சுன்னா நான் ஸ்வாப்பே எடுக்க மாட்டேன்."

மனுஷர் அம்சாவின் நல்லதுக்குத்தான் கேட்டார். ஆனால் எனக்குப் பயம் வந்துவிட்டது. லோகேஷுக்கே இப்படித் தோன்றினால் அம்சாவுக்குத் தோன்றாதா? அவர் கல்லுக்குத் திரும்புவது இந்த ஒரு சோதனையை நம்பித்தான் இருக்கிறது. பயந்துபோய் ராத்திரியே கையைத் தேய்த்து வைத்திருந்தால் இத்தனை வார வேலையும் வீண். சோதனை அன்று காலை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அம்சா வந்தார், ரம்யாவின் காரில், ரம்யாவும் கூட வந்திருந்தார். "வழியில எங்கயும் கை வெக்கல மேடம்" என்று இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். நான் அவர் கையைத் தொடாமல் குனிந்து மோந்து பார்த்தேன். காலையில் வீட்டில் தாளித்த கடுகும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் மணத்தது. அந்த வாசனை எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது, அழுகையே வந்தது. ஸ்வாப் எடுத்தேன். ரம்யா ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவரையும் ஒரு பிளேட்டில் விரலைப் பதித்துப் பார்க்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே பதித்தார்.

மறுநாள் இரண்டு பேரும் ரிசல்ட் பார்க்க வந்தார்கள். அம்சாவின் பிளேட் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். தங்கம் ஒரு ஓரத்தில் ஏதோ கொஞ்சம். ரம்யா முகம் வாடிவிட்டது.

"மேடம், முதல் தடவை பிளேட் காலியா இருந்துச்சுன்னு சொன்னீங்க. இப்போ இவ்வளவு இருக்கே. இதை வெச்சு எப்படி ஃபிட்னு கொடுப்பீங்க?"

பக்கத்தில் இன்னொரு பிளேட்டை வைத்தேன். அதில் இன்னும் நெருக்கமாக முளைத்திருந்தது.

"ஐயோ, இது யாரோடது?"

"உங்களோடதுதான். ரொம்ப ஆரோக்கியமான விரல்."

ரம்யா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அம்சா அடக்கமாட்டாமல் சிரித்தார். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்: இருக்க வேண்டியவை இருக்கின்றன, தோல் முழுசாக இருக்கிறது, வேலைக்குத் தகுதி. லேப் தலைவர் வாங்கிப் படித்துவிட்டு, "காலிப் பிளேட்டை நிறுத்தி வைத்தீர்கள், முளைத்த பிளேட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள்" என்றார். ஆமாம் என்றேன். அவரும் போட்டார்.

அம்சா மட்டும் எழுந்திருக்கவில்லை. பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் என் கையில இருந்தா மேடம்?"

"உங்க ஆளுங்கதான்."

"வீட்டுக்கு எடுத்துனு போலாமா?"

அது மட்டும் கூடாது என்றேன். சரி என்று போனை எடுத்து, வெளிச்சம் பார்த்து, பிளேட்டைத் திருப்பி வைக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையிலிருந்து அவர் கல்லில் நின்றார்.

ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, லோகேஷ் போன் செய்தார். குரலில் பழைய சூப்பர்வைசர் திரும்பி வந்திருந்தார்.

"மேடம், நீங்கதான் சொல்லணும். அம்சாம்மா அந்த பாக்டீரியா போட்டோவை வாட்ஸ்அப்ல டிபியா வெச்சிருக்காங்க. கீழ 'இது என் கை'ன்னு எழுதியிருக்காங்க. கேன்டீன் குரூப்ல எல்லாரும் பார்க்கறாங்க, என்னன்னு கேக்கறவங்ககிட்டல்லாம் அவங்க விளக்கம் வேற சொல்றாங்க. கஸ்டமர்ஸ் கேட்டா நான் என்ன சொல்றது? எடுக்கச் சொல்லுங்க மேடம்."

"அவங்க கை, அவங்க படம். நான் எப்படிச் சொல்ல முடியும் லோகேஷ்?" என்றேன். "உங்களுக்கும் ஒண்ணு வேணும்னா சொல்லுங்க, உங்க மூக்கு பிளேட்டோட படம் என்கிட்ட இருக்கு. அனுப்பவா?"

பின்னணியில் கல்லில் மாவு ஊற்றுகிற சத்தமும், "தள்ளி நில்லுப்பா, அடுத்தது யாரு?" என்று அம்சாவின் குரலும் கேட்டன.

"பேடா மேடம்" என்று சொல்லிவிட்டு லோகேஷ் போனை வைத்தார்.